சுவரை விட்டுவிட்ட கவிதை

பத்தாவது வரை படித்த நான் கவிதையைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்குக் குரல் வராது. ஆனால் இதை நான் எழுதாவிட்டால் எழுத வேறு ஆள் இல்லை.

மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் தக்காளிக் காட்டுக்குப் போகும் பாதையை ஒட்டி ஒரு கிணறு இருக்கிறது. டிராக்டர் திரும்ப இடம் போதவில்லை என்று அதன் சொந்தக்காரர் கைப்பிடிச் சுவரை இடித்தார். பிறகு கட்டவே இல்லை. போன மழைக்காலத்தில் தலையில் தக்காளி கிரேடுப் பெட்டியோடு வந்த என் தங்கச்சி, சேற்றில் வழுக்கி அதில் விழுந்து செத்துப்போனாள். பின்னால் வந்த நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கிணற்றுக்காரர் கவிஞர். அவள் சாவை வைத்து ஒரு நவீன கவிதை எழுதினார். வெறுமை கூப்பிட்டது, அவள் இறங்கிப் போனாள், யார் மேலும் குற்றமில்லை என்று அது முடியும். ஊரில் எல்லார் போனிலும் சுற்றியது. தங்கச்சி மகள் என்னிடம் வந்து கேட்டாள்: "பெரியம்மா, அம்மா தானாவா குதிச்சுது?"

தருமபுரியில் நடந்த அவருடைய புத்தக வெளியீட்டுக்குப் பஸ் ஏறினேன். வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"கவிதையில சுவரையே காணோமுங்களே சார்?"

"அது உங்க தங்கச்சி இல்லீங்கம்மா. ஒரு படிமம்," என்றார்.

"படிமத்துக்கு நான் கருமாதி செய்யலீங்க. கிணறு உங்களுது. சுவரை இடிச்சது நீங்க. அவ விழுந்தா. குதிக்கலை."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். பின்வரிசையில் ஒருவர், "சாப்பாடு ஆறுது, உட்காருங்கம்மா" என்றார். சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. மைக்கை அணைத்துவிட்டு அடுத்தவரைப் பேசக் கூப்பிட்டார்கள்.

புதுக்கவிதை எனக்குப் பகையில்லை. நூலகத்தில் எடுத்துப் படிக்கிறவள்தான். புரியாத சிலதுகூடப் பிடிக்கும். வாழ்க்கையில் அர்த்தமே இல்லை என்று ஒருவர் எழுதட்டும், அது அவர் பாடு. தான் செய்ததை வெறுமையின் தலையில் கட்டினால் நான் விடமாட்டேன். எத்தனை பேர் கைதட்டினாலும் அது பொய்தான். அடுத்த கூட்டம் எங்கே நடந்தாலும் போய் இதையே கேட்பேன்.

மறுநாள் காலை நானும் தங்கச்சி மகளும் முள் வெட்டிக் கிணற்றைச் சுற்றிப் போட்டோம்.