கண்டக்டர் பொறுக்கிய கற்கள்

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அதற்கு மேல் படிப்பில்லை. ஆனால் எண்பதுகளில் திண்டிவனத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு வேண்டுமென்றால் என் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்கள். ஒலக்கூர் பக்கத்துக் கல்யாண ஊர்வலம் எதுவும் என் விளக்கில்லாமல் நகர்ந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் திண்டிவனம் விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர். ஜீப் பழுதாகிப்போன சர்வே ஆபீசர் ஒருவர், ஒருநாள் மடியில் பெட்டியோடு அந்த பஸ்ஸில் வந்தார். என்ன பெட்டி என்று இவர் கேட்டிருக்கிறார். பழைய சுரங்கக் குழிகளில் யுரேனியம் கல் தேடுகிற பெட்டி, அப்படிப்பட்ட கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் டிக் டிக் என்று அடிக்கும் என்றாராம். கல் கறுப்பாக இருக்கும், தூக்கினால் பளுவாக இருக்கும், மேலே மஞ்சள் பூத்திருக்கும். இவ்வளவுதான் பாடம். விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் இவர் தேறிவிட்டார்.

அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் கண்டாச்சிபுரத்துக்கு அப்பால்தான். அங்கே காக்காப்பொன், அதுதான் மைக்கா, வெட்டிவிட்டுக் கைவிட்ட குழிகள் இருந்தன. கோணிப்பையோடு போவார். சாயங்காலம் முழங்கால் வரை மினுமினுத்துக்கொண்டு, பை நிறையக் கல்லோடு வருவார். விழுப்புரத்திலிருந்து ஏற்றிவருகிற டிரைவர் இவருடைய கூட்டாளி.

"இன்னாய்யா, கல்லுக்கு ஆஃப் டிக்கெட்டா, ஃபுல் டிக்கெட்டா?" என்பார் அவர்.

"சிரிச்சிக்கினே இரு. இதைப் பாக்க மெட்ராஸ்லருந்து ஆள் வரும்."

எங்கள் வீட்டில் பூட்டு உள்ள அறை விளக்கு அறை ஒன்றுதான். அதனால் கற்களெல்லாம் விளக்கு அடுக்கிவைக்கிற என் பலகைக்குக் குடிவந்தன. ஒருநாள் டிரைவர் வந்திருந்தபோது கேட்டேன்:

"ஏங்க, வெளக்கு வைக்க எடமில்ல. உங்க மலையை எப்போ எறக்குவீங்க?"

"ஆபீசர் பெட்டியோட வர்றேன்னு சொல்லியிருக்காருமே. ஒரு கல்லாவது அடிக்கலன்னா அத்தனையும் ஏரியில கொட்டிடறேன். அப்புறம் அந்தப் பக்கமே போவமாட்டேன்."

டிரைவர் சாட்சி. எனக்கும் பலகை வேண்டியிருந்தது. சரியென்று விட்டுவிட்டேன்.

ஆபீசர் சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பெட்டியைப் பலகைப் பக்கம் நீட்டியதும் அது மல்லாட்டைக் கடலை வறுக்கிற மாதிரி படபடவென்று அடித்தது. சாட்சிக்கு வந்திருந்த டிரைவர் ஓடிவந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மிடுக்கு கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

ஆபீசர் மட்டும் புருவத்தைச் சுருக்கினார். பெட்டியைக் கற்களிடம் இறக்கினார், சத்தம் குறைந்தது. மேல் பலகைக்கு உயர்த்தினார், கூடியது. அங்கே இருந்தது என் மேண்டில் பொட்டலம். விளக்கில் கட்டுகிற வலைத்துணிதான், வேறொன்றுமில்லை.

"வெளிச்சம் வெள்ளையா வர்றதுக்கு இதுல தோரியம்னு ஒண்ணு ஏத்துவாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் தேடறதுக்குப் பங்காளி மாதிரி. எரிஞ்ச சாம்பலை ஊதாதீங்க, கை கழுவிட்டுச் சாப்பிடுங்க."

"கை கழுவாம சாப்பிடற வீடு இல்லீங்க இது," என்றேன்.

பொட்டலத்தை வாசலுக்கு அனுப்பிவிட்டு ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். எப்போதாவது ஒரு டிக். அது வெறுந்தரையில் வைத்தாலும் வரும் என்று சொல்லிவிட்டார்.

"கண்டாச்சிபுரம் வரைக்கும் போய் மண்ணைக் கிளறினியே," என்றார் டிரைவர். "யக்கா பொட்டலம் கட்டி மேல்பலகையில வச்சிக்கினு இருந்திருக்காங்க."

நானும் ஒரு வாரம் சிரித்தேன். வாடகைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அடுத்த லீவு நாளில் யாரும் கேட்காமலே அவர் கற்களைப் பையில் அள்ளினார். ஒவ்வொன்றையும் துடைத்து அள்ளினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்க எடுத்துக்கினு போறீங்க?"

"ஏரிக்கு. சொன்ன சொல்லு."

"ஒலக்கூர் கல்யாணத்துல காத்துக்கு என் வெளக்கு ஸ்டாண்டு சாஞ்சிச்சி. காலுக்கு அண்டை குடுக்க நல்ல பளுவா கல்லு வேணும். பையைக் கீழ வைங்க."

"பாவம் பாத்து சொல்றியா?"

"வெளக்குக்காரி நானு. பாவம் பாக்க எனக்கு ஏது நேரம்?"

ஸ்டாண்டு சாய்ந்தது உண்மை. எந்த வருஷத்துக் கல்யாணத்தில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என் விளக்குகளோடு அந்தக் கற்களும் கல்யாணத்துக்குப் போயின. லீவு இருந்தால் அவரே கூட வந்து ஸ்டாண்டுக் காலடியில் வைப்பார். சம்பந்தி வீட்டாரிடம், "சாதாரணக் கல்லு இல்லீங்க, பெட்டி வச்சி டெஸ்ட் பண்ணது," என்பார். என்ன தெரிந்தது என்று யாரும் கேட்டதில்லை.

பிறகு இன்னொரு ஸ்டாண்டு வாங்கினேன். கல் போதவில்லை. நானேதான் கோணிப்பையை எடுத்துக் கொடுத்தேன்.

"கறுப்பா, பளுவா பாத்து எடுத்துக்கினு வாங்க. மஞ்சள் பூத்தது இருந்தா அங்கியே வச்சிட்டு வந்துடுங்க."

"ஆமாமே. வீட்ல படபடன்னு அடிக்கறதுக்குத்தான் நீ இருக்கியே," என்று செருப்பை மாட்டினார்.

அன்று சாயங்காலம் டிரைவர் வழக்கம்போல ஆஃப் டிக்கெட்டா என்று ஆரம்பித்தாராம். இவர் பையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "கடைச் சரக்குய்யா இது, லக்கேஜ் போடு," என்றாராம்.