பஸ்ரா ஆற்றுப் படகு

மரம் ஏற்ற வந்த கப்பல் ஒன்று இயந்திரம் பழுதாகிப் போர்ட் பிளேரிலேயே நின்றுபோன வருஷம், எங்கள் வீட்டுக்கு ஒரு சினிமா டைரக்டர் சாப்பிட வந்தார். ஈராக் நாட்டுக்காரர். கப்பலில் அவருக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை. டைரக்டர் எதற்குப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று நான் கேட்டதற்கு, அம்மா என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

அப்பா மர ஆலையில் சேருமுன் பஸ்ரா துறைமுகத்தில் கொஞ்ச காலம் இருந்தவர். அவருடைய அரைகுறை அரபியின் வழியாகத்தான் அந்த மனிதரின் கதை எங்களுக்கு வந்து சேர்ந்தது. படகோட்டியின் மகன். கெய்ரோவுக்கு ஓடிப்போய், ஸ்டூடியோவில் விளக்குத் தூக்கியே தொழில் கற்றார். ஊர் திரும்பி எடுத்த முதல் படம் நன்றாக ஓடியது. இரண்டாவதில் சொந்தத் தம்பியை நடிக்க வைத்தார். அது வெளிவருமுன் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை, தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் அந்தப் படத்தில் மிஞ்சிய ஒரே ரீலோடு கப்பல் ஏறினார்.

"அந்தத் தம்பி இப்ப எங்க இருக்காரு, அண்ணே?"

கேட்டது அத்தை. மாமா ஹேவ்லாக் தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாததிலிருந்து அவள் தானாக எதையும் கேட்டதில்லை. உடல் கிடைக்காததால் தாலியைக் கழற்றவில்லை. கோயிலில் மாமாவின் ஆத்மசாந்திக்குப் பூசை வைக்கவும் யாரையும் விடவில்லை.

அப்பா கேட்டுச் சொன்னார். டைரக்டர் வெறுமனே கையை விரித்தார்.

குவார்ட்டர்ஸ் மைதானத்தில் சர்க்கார் செய்திப்படம் காட்டும் நாளில், அந்த ரீலையும் ஓட்ட அப்பா ஏற்பாடு செய்தார். வங்காளி, தெலுங்குக் குடும்பங்கள் எல்லாம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. திரையில் ஓர் இளைஞன் ஆற்றில் படகைத் தள்ளி ஏறினான். படகு போய்ப் போய்ப் புள்ளியாகி மறைந்தது. அவ்வளவுதான். சத்தம்கூட இல்லை.

பிறகு டைரக்டர், புரொஜெக்டர் விளக்கை அணைக்காமலே ரீலைப் பின்னோக்கிச் சுற்றினார். புள்ளி படகாகியது. பின்பக்கமாகவே கரை சேர்ந்தது. இளைஞன் பின்னால் கால்வைத்து இறங்கினான். "உல்டா! உல்டா!" என்று கத்தி, பிள்ளைகள் நாங்கள் உருண்டு சிரித்தோம்.

"இன்னொருக்கா போடச் சொல்லுங்கண்ணே," என்றாள் அத்தை.

"போறதா, வர்றதாம்மா?"

"வர்றது."

அப்பா அதை அரபியில் சொல்லத் தடுமாறினார். ஆனால் டைரக்டர் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினார். மறுபடியும். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது. அவர் திரையைப் பார்த்தபடி புரொஜெக்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை வாய்விட்டு அழுதாள். அம்மா அவளைத் தேற்றவில்லை; பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கப்பல் சரியாகிக் கிளம்பிப் போய்விட்டது. அந்த மனிதரைப் பற்றிப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அடுத்த ஞாயிறு, மாமாவுக்குப் பூசை வைக்கலாம் என்று அத்தையே சொன்னாள்.

எனக்கு நெடுநாள் ஒரே குழப்பம். படகு போனபோது பேசாமல் இருந்துவிட்டு, அது பத்திரமாகத் திரும்பி வந்தபோது போய் யாராவது அழுவார்களா?