மாடிப்படிக்கு அடியில் முளைப்பாரி

எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலுக்கு வந்தபோது அவர் இடுப்பில் ஒரு மண்சட்டி இருந்தது. கையில் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. இரண்டு கையும் வேலையாக இருக்கிறதே என்று நான் போனை வாங்கக் கையை நீட்டினேன்.

“ஐயையோ, அதை எடுத்துறாதீக டீச்சர்! முதல்ல இந்தச் சட்டியைப் பிடிங்க.”

பிடித்தேன். நல்ல கனம். வைக்கோலும் சாணித்தூளும் பரப்பி, ஊறவைத்த பயறும் கம்பும் சோளமும் தூவிய முளைப்பாரிச் சட்டி. பங்குனித் திருவிழாவுக்காக இரண்டு நாள் முன்னால்தான் அவர் வீட்டில் போட்டிருந்தார். பத்து நாள் இருட்டில் வளர்த்து, தலையில் சுமந்துபோய் மாரியம்மன் கோயிலில் வைக்க வேண்டும். சட்டி என் கைக்கு மாறியதும் அவர் இரண்டடி தள்ளி நின்றார், தொண்டையைச் செருமினார், போனை எடுத்தார். “எப்ப?” என்று ஒரு வார்த்தை கேட்டார். உடனே பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் இதுதான். சிங்கம்புணரியில் அவர் கணவருக்குப் பங்காளி முறையில் ஒரு பெரியவர் ஒரு வாரமாக இழுத்துக்கொண்டு கிடந்தார். பங்காளி இறந்தால் பதினாறு நாள் தீட்டு. தீட்டுக்காரர் முளைப்பாரியைத் தொடக்கூடாது. ஆனால் சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு. அன்று காலை சிங்கம்புணரி நம்பரிலிருந்து போன் வந்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. புரிவது வேறு, காதில் விழுவது வேறு அல்லவா? மறுபடி மறுபடி அடித்த போனை எடுக்காமலே சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிவிட்டார். இருபத்தைந்து வருஷம் தாவரவியல் பாடம் நடத்திய எனக்கு இப்படி ஒரு யோசனை ஜென்மத்தில் வந்திருக்காது.

எங்கள் வீட்டை அவர் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. காரைக்குடியில் நாங்கள் இருக்கும் அந்தச் சின்னத் தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் ஒருவருக்கொருவர் பங்காளிகள். ஒரு சாவு விழுந்தால் தெருவுக்கே தீட்டு. மிச்சம் இருப்பது, நிலைவாசலில் சிலுவை அடித்த எங்கள் வீடு மட்டும்தான்.

“எம்பத்தாறு வயசு வரைக்கும் இருந்த மனுசன், இன்னும் பத்து நாள் இருந்திருக்கக் கூடாதா?” என்று மூக்கைச் சிந்தினார் அக்கா. “இது மூணாவது வருசம் டீச்சர். இதோட முடிஞ்சது. ரெண்டு வேளை தண்ணி மட்டும் ஊத்துவீகளா? ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்.”

அந்த மூன்று வருஷக் கதை எனக்குத் தெரியும். திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்த அவர் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது. பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தால் மூன்று வருஷம் முளைப்பாரி எடுப்பதாக அக்கா நேர்ந்துகொண்டார். பிள்ளை வந்தது. இப்போது ஓடிப் பிடிக்க ஆள் வேண்டியிருக்கிறது. கடைசி வருஷத்தில் வாக்குத் தவறினால் கொடுத்தவள் திருப்பி எடுத்துக்கொள்வாளோ என்று அக்காவுக்குப் பயம். மற்ற எல்லாவற்றிலும் அவரைக் கேலி செய்வேன், அந்தப் பயத்தில் செய்ய மாட்டேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது வழிபாடு ஆகாது, அது தோட்ட வேலை. இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், மூன்று தடவை.

எங்கள் வீட்டில் வெளிச்சம் புகாத இடம் மாடிப்படிக்கு அடியில் உள்ள அறை ஒன்றுதான். இன்வெர்ட்டருக்கும் கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்கும் நடுவில் சட்டியை வைத்தேன். அட்டைப்பெட்டியின் கிழிந்த ஓரத்தில் ஒரு பொம்மை இடையர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை உள்ளே தள்ளி மூடினேன்.

தீட்டுக்காரர் என்பதால் அக்கா அதற்குப் பிறகு எங்கள் படி ஏறவில்லை. போனில்தான் பேசினார். “ஒண்ணே ஒண்ணு டீச்சர், தலைக்குக் குளிச்சிட்டு ஊத்துங்க.” நான் தினமும் குளிக்கிற ஆள்தான், சரி. “ஒண்ணே ஒண்ணு, தண்ணியில துளி மஞ்சப்பொடி.” மஞ்சள் கிருமிநாசினி, அதுவும் சரி. “ஒண்ணே ஒண்ணு, செருப்போட அந்தப் பக்கம் போயிறாதீக.” வீட்டுக்குள் யார் செருப்பு போடுகிறார்கள்? வீட்டுக்குத் தூரமாவது பற்றி அவர் இழுத்தபோது, ஐம்பத்துமூன்று வயதில் அந்தக் கவலை எனக்கில்லை என்றேன். கடைசியாக வந்ததுதான் பெரிய ஒண்ணே ஒண்ணு. “எட்டு நாளைக்கு வீட்டுல கவிச்சி வேண்டாம் டீச்சர்.”

அப்போது எங்களுக்குத் தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. நாற்பது நாளும் நான் கறிமீன் தொடுவதில்லை. என் கணவர் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வார், வெள்ளிக்கிழமை பல்லைக் கடித்துக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்கடைக்குப் போய்விடுவார். முப்பது வருஷமாக நானும் சண்டை போட்டுத் தோற்றிருக்கிறேன். இப்போது தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மனிதர் மீன்பையை எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

“ஆண்டவருக்காக ஒரு ஞாயிறு விட்டிருக்கீங்களா?” என்று கத்தினேன்.

“நம்ம ஆண்டவர் மன்னிச்சிருவாரு. அந்தம்மா அம்மை போட்டுரும்” என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் இது தப்பா என்று பங்குச்சாமியாரிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர் வாசலில்தான் நின்றார். ஆனால் கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே? தலைவலி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குள் சட்டியில் வெளிர்மஞ்சள் முளைகள் சாண் உயரத்துக்கு எழும்பியிருந்தன. வெளிச்சம் கிடைக்காத முளை பச்சையம் இல்லாமல் வெளுத்து வேகமாக நீளும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். ஆனாலும் கதவைத் திறந்ததும் அந்த இருட்டில் அது பொன்னாக நின்றதைப் பார்த்தபோது பாடம் மறந்துவிட்டது. அடிக்கடி போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கும்போதெல்லாம் ஒரு கை தண்ணீர் தெளித்தேன்.

ஏழாம் நாள் ஓரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒரு பிடி முளை அழுகிச் சாய்ந்துகிடந்தது. ஈரம் அதிகமானால் பூஞ்சை வரும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். முளைப்பாரி அழுகினால் குடும்பத்துக்கு ஆகாது என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அழுகியதைக் கிள்ளி எறிந்தேன், தண்ணீரை நிறுத்தினேன், டேபிள்பேனைக் கொண்டுவந்து மெதுவாக ஓடவிட்டேன். அப்புறம் நேராக இயேசு படத்துக்கு முன்னால் போய் முழங்காலில் விழுந்தேன். “ஆண்டவரே, இது உம்முடைய வேலை இல்லைதான். தெரியும். ஆனால் தப்புப் பண்ணியது உம்முடைய பிள்ளை. அந்த அம்மாவின் முளைப்பாரியை எப்படியாவது காப்பாற்றும்.”

எந்தச் சாமியையும் கூடுதலாகக் கும்பிட்டுவிடக் கூடாது என்று ஒரு வாரம் உஷாராக இருந்தவளின் நிலைமை இது. பின்னால் நின்று கேட்ட கணவர் சிரிக்காமல் போனார். அதுவே பெரிய புண்ணியம்.

முளைகள் பிழைத்தன. ஒரு ஓரம் மட்டும் வழுக்கை.

இனி ஒரே ஒரு கவலை. திருவிழா அன்று அக்கா போன் செய்து, “ஒண்ணே ஒண்ணு டீச்சர், தலையில வச்சுக் கோயில் வரைக்கும்…” என்று இழுப்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். “அக்கா, வளர்க்குறது வரைக்கும் நான் செஞ்சிட்டேன். சுமக்குறது கும்பிடுற மாதிரி. அது மட்டும் வேணாம்.” மரியாதையாகவும் உறுதியாகவும் இருந்தது.

போனும் வந்தது. “திருப்பத்தூர்ல இருந்து சம்பந்தியம்மா வர்றாக டீச்சர். அவுகளுக்குத் தீட்டு இல்ல. அவுகளே தூக்கிக்கிருவாக. ஒங்களைப் போய் அதுக்கெல்லாம் கேக்க முடியுமா? ஒங்க சாமிக்கும் நான் பதில் சொல்லணும்ல.”

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். எட்டு நாள் வளர்த்தவள் நான், சுமப்பது யாரோ ஒரு சம்பந்தியம்மாவா?

அந்தம்மா சாயங்காலம் பேத்தியோடு காரில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். சட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் கொஞ்சம் கொட்டிப்போச்சோ?” என்றார். அவர் குளித்துச் சேலை மாற்ற உள்ளே போனார். குழந்தையை என் கணவர் தூக்கிக்கொண்டார். அது அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிரே தன் வீட்டுக் கேட்டுக்கு உள்ளேயே அக்கா நின்றுகொண்டிருந்தார். எட்டு நாளாக அதை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

“நல்லா வந்திருக்கா டீச்சர்?”

“நீங்களே பாருங்கக்கா” என்று வழுக்கையை என் பக்கம் திருப்பி, மார்பளவில் பிடித்தேன். நடுவில் கார் மறைத்தது. அக்கா குள்ளம்.

“தெரியலையே. கொஞ்சம் தூக்குங்க.”

தோள்வரை தூக்கினேன்.

“இன்னுங் கொஞ்சம்.”

கனம் கையை இழுத்தது. அதற்குமேல் தூக்கினால் தலையில்தான் வைக்க வேண்டும். வைத்தேன். சும்மாடுகூட இல்லாமல், வெறும் தலையில்.

அக்கா பார்த்துவிட்டார். ஒண்ணே ஒண்ணு என்று அவர் இப்போது எதுவும் கேட்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய நின்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. போனை எடுத்ததும் அழுதாரே, அந்த அழுகையே வேறு. சத்தம் இல்லாத இதைப் பார்க்க முடியாமல் எனக்கும் அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டும் சட்டியில் இருந்தன.

சம்பந்தியம்மா மஞ்சள் சேலையில் வெளியே வந்தார். “என்ன டீச்சர், நீங்களே தூக்கிட்டீகளா?”

“இல்லைங்க, அக்காவுக்குக் காட்டிக்கிட்டு இருக்கேன்” என்றேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எப்போதோ உள்ளே போயிருந்தார். நான் இன்னும் இறக்கவில்லை.