பந்தல் இல்லாத ரோடு

இரண்டு காலையும் வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன் பசங்களா. அவ்வளவு வலி.

தைப்பூசத்துக்குச் சூலூரிலிருந்து பழனிக்கு நடந்துவிட்டு வந்தோம் — நானும், ஆறாவது படிக்கும் என் மகள் நந்தினியும். போன வருஷம் காலில் கொப்புளம் வந்து, உடுமலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். இந்த வருஷம் முழுசாக நடந்தே தீருவேன் என்று மாலை போட்டுக்கொண்டாள்.

மெயின் ரோட்டில் கூட்டம், மைக் செட், லாரி ஹாரன்... "உனக்கு அதெல்லாம் ஒத்துக்காது கண்ணு, வாய்க்கால் ரோட்டுல போலாம்" என்றேன். சரி என்றாள்.

இரண்டாம் நாள் சுல்தான்பேட்டை தாண்டி அந்த ரோட்டைப் பிடித்தோம். அப்படி ஓர் அமைதி. வெயில் ஏறிய பிறகுதான் உறைத்தது — கையில் தண்ணீர் இல்லை.

மெயின் ரோட்டில் பத்தடிக்கு ஒரு பந்தல். மோர், எலுமிச்சை சாதம், தண்ணீர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வெறுங்கையோடு கிளம்பியிருக்கிறேன். வாய்க்காலிலும் தண்ணீர் திறக்கவில்லை.

நந்தினி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு காய்ந்துபோயிருந்தது. தூரத்தில் டவுன் பஸ் வந்தது.

"ஏறிக்கலாமா கண்ணு?"

"வேண்டாங்கப்பா. எந்திரிச்சிருவேன்."

எழுந்தாள். பஸ் போய்விட்டது. நான் விட்டது சரியா? இன்னும் தெரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு தோட்டத்து வீடு. அங்கே மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, உள்ளே போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்து நந்தினியிடம் கொடுத்தார்.

"ஏனுங்க, சனமெல்லாம் அந்த ரோட்டுல போகுது. புள்ளைய இந்தப் பொட்டக்காட்டுல கூட்டிட்டு வந்திருக்கறீங்களே?" என்று என்னைக் கேட்டார்.

"புள்ளைக்குக் கூட்டம் ஆகாதுங்க..." என்று இழுத்தேன்.

நந்தினி சொம்பைக் கீழே வைத்தாள். "எனக்கு ஆகுங்க அத்தை. எங்கப்பாவுக்குத்தான் ஆகாது. நாள் முச்சூடும் தறிச் சத்தத்துல கெடக்கறாரு. அதான் சரின்னேன்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அப்ப, அப்பனைத்தான் புள்ள கூட்டிட்டுப் போகுதாக்கும்."

இரண்டு பழைய பாட்டிலில் தண்ணீரும் நிரப்பிக் கொடுத்தார்.

உண்மைதான் பசங்களா. எனக்கு வேண்டியதை 'உனக்காக' என்று சொல்லிவிட்டேன். பெரியவர்கள் நாங்கள் அடிக்கடி செய்கிற வேலை இது. அவளுக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது...

நான்காம் நாள் பழனி சேர்ந்தோம். நடந்தேதான்.

அடுத்த வருஷம் எந்த ரோடு என்று அவளைக் கேட்டுத்தான் முடிவு. தண்ணீர் பாட்டிலை மட்டும் கேட்காமலே எடுத்துக்கொள்வேன்.