கொரிந்தில் எடுத்த படம்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். கோழி கிண்டியது போலத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எங்கே எந்த ‘ர’ வரும், எங்கே எந்த ‘ல’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பிழைகளை யாராவது திருத்தட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஓகஸ்ட் மாதம் நாங்கள் மூன்று பேர் கிரேக்க நாட்டுக்குப் போனோம். மூவரும் பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் ஐந்தாம் மாடியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருவன் மன்னார்க்காரன், வேதக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும், உணவகத்தில் வெங்காயம் உரிக்கிற வேலை. மற்றவர் ஊரில் சங்கக்கடையில் கணக்கு எழுதியவர். எங்கள் ஆட்கள் கூடுகிற லா சப்பலில் எல்லோரும் அவரைக் கிளாக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது. பிரெஞ்சு வாசிப்பார். பொபினியில் இருக்கும் அரசாங்கக் கந்தோருக்கு விசா அலுவலாகப் போகிறவர்கள் முதலில் எங்கள் அறைப் படியேறி அவரிடம் படிவம் நிரப்பிக்கொண்டுதான் போவார்கள். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு. வடக்கு ரயில் நிலையத்தில் நிலத்துக்குக் கீழே கக்கூஸ் கழுவுகிற வேலை.

அந்த வேலையைப் பற்றி எனக்கு அப்போதும் வெட்கமில்லை. எந்தக் குழாய் எப்போது அடைக்கும், தண்ணீர் எந்தச் சரிவில் ஓடும், எங்கே தேங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஆனால் ஊருக்கு அதை எழுதவில்லை. எழுதவில்லை என்பதைவிட, என் கடிதங்களைக் கிளாக்கர்தான் எழுதினார். நான் கட்டிலில் இருந்து சொல்லுவேன், அவர் மேசையில் இருந்து எழுதுவார்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக் கடிதம் வந்தால் அதைத் தனியாக வாசிக்கிற வழக்கமில்லை. யார் வந்திருந்தாலும் இருத்திவைத்து உரத்து வாசிப்பார்கள். கிளாக்கருக்கு அது நன்றாகத் தெரியும். சபையில் வாசிப்பதற்கு ஏற்றது போலவே எழுதுவார். என் வேலையைப் பற்றி முதல் தடவை எழுத வந்தபோது பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ரெயில்வேயிலை உத்தியோகம் எண்டு போடுறன். பொய்யில்லைத்தானே, ஐசே?”

நான் பேசாமல் இருந்தேன். அது என் பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

என் கடைசித் தங்கச்சிக்கு முப்பத்தொரு வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அதற்கு முன் வந்த நான்கும் தட்டிப்போய்விட்டன, இது தப்பினால் இன்னொன்று வராது என்று அம்மா சொல்லியனுப்பினா. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான். பிரான்சில் ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் அண்ணனின் படம் ஒன்று வேண்டும்.

நான் ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு பழைய உடுப்புக் கடையில் சாம்பல் நிறக் கோட் ஒன்று வாங்கினேன். ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் நின்று எடுப்போம் என்றேன். கிளாக்கர் விடவில்லை.

“அதிலை நிண்டு எடுக்காத ஆள் ஆர் இருக்கு? ஊரிலை இப்ப அதுக்கு மதிப்பில்லை. மாப்பிள்ளை படிச்ச ஆள். கிரேக்கத் தூணுக்குப் பக்கத்திலை நிண்டீரெண்டால் அவருக்கு விளங்கும்.”

கிரேக்கம் என்ற கதை மன்னார்க்காரனால் வந்தது. அகதி அட்டை கிடைத்தால் அப்போஸ்தலர் நடந்த மண்ணை மிதிப்பேன் என்று அவனுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. எல்லோரும் லூர்துக்குப் போகிறார்கள், நான் கொரிந்துக்குப் போகிறேன் என்று பிடிவாதமாக நின்றான். கிளாக்கரிடம் கமரா இருந்தது. எனக்குப் படம் வேண்டும். மூவரும் அகதிப் பயணப் புத்தகத்தில் விசாக் குத்தி, பஸ்ஸில் இத்தாலி முழுவதும் ஓடி, கப்பலேறிப் போனோம்.

வழி நீளக் கிளாக்கரின் வாய் ஓயவில்லை. பஸ் நின்ற இடங்களில் நான் கக்கூசுக்குப் போய் வந்தால் கேட்பார், “என்ன, சோதிச்சுப் பாத்தாச்சோ? பாசா பெயிலா?” பஸ்ஸில் இருந்த வேறு இரண்டு தமிழர்களுக்கும் கேட்கும்படி கேட்பார். அவர்கள் சிரிப்பார்கள். மன்னார்க்காரன் சிரிக்கமாட்டான், தடுக்கவும் மாட்டான். எனக்குப் பதில் எப்போதும் பிந்தித்தான் வரும். இரண்டு மணித்தியாலம் கழித்து நல்ல பதிலொன்று வாயில் வந்து நிற்கும். அப்போது கிளாக்கர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

கொரிந்தில் வெயில் தார் உருகுகிற வெயில். மேட்டில் ஏழு தூண்கள் மட்டும் நின்றன, தேர் இல்லாத தேர்முட்டி போல. கீழே எங்கே பார்த்தாலும் உடைந்த கல். மன்னார்க்காரன் அப்போஸ்தலரை விசாரணைக்கு நிறுத்திய கல் மேடையைக் கண்டுபிடித்து முழங்காலில் நின்று அழுதான். கிளாக்கர் அவனை நாலைந்து படம் எடுத்தார். தாய்க்கு அனுப்ப வேண்டும், கண் தெரிய எடுங்கோ அண்ணை என்று அவன் கெஞ்சினான்.

நான் கோட்டைப் போட்டுப் பொத்தானெல்லாம் பூட்டிக்கொண்டு தூணடியில் நின்றேன். கிளாக்கர் கமராவைத் தூக்கினார், இறக்கினார்.

“வெயில் எதிர். மூஞ்சை விழாது. இஞ்சாலை வாரும், உமக்கெண்டே ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறன்.”

பழைய தெருவொன்றின் ஓரமாகக் கூட்டிப்போனார். மன்னார்க்காரனும் பின்னால் வந்தான். மூன்று பக்கமும் இடிந்த சுவர். சுவரோடு வரிசையாகக் கல் ஆசனங்கள். முழுதாக இருந்தவை மூன்றோ நான்கோதான். பக்கத்தில் ஒரு பலகையில் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. கிளாக்கர் அதை நின்று வாசித்தார்.

“மந்திரிமார் வரிசையா இருந்து வழக்குப் பேசின இடமாம். அதிலை நடுவிலை இரும்.”

கல்லின் நடுவில் வட்டமாக ஓட்டை இருந்தது. முன்னால் காலடியில் ஒடுங்கிய வாய்க்கால் ஒன்று ஓடியது. நான் அதைப் பார்த்தேன். சரிவைப் பார்த்தேன். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போயிருக்கும் என்று என் கண் தானாகவே போய்ப் பார்த்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் படித்த மனிதன் பலகையைப் பார்த்து வாசித்துச் சொல்கிறான். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத நான் என் கண்ணை நம்பாமல் அவன் வாயை நம்பினேன்.

ஸ்ரூடியோவில் இருப்பது போல நிமிர்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, தாடையை உயர்த்தி இருந்தேன். கிளாக்கர் ஒன்று எடுத்தார். கிட்ட வந்து இன்னொன்று எடுத்தார். “கொஞ்சம் முக்கின மாதிரிப் பாரும்,” என்றார். அதையும் மரியாதைக்குரிய பார்வை என்று நினைத்துச் செய்தேன்.

அப்போது பிரெஞ்சுக்காரர் கூட்டமொன்று வழிகாட்டிப் பெண்ணோடு வந்தது. அவள் என்னைக் கண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கம் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு சொல் எனக்கு விளங்கியது. ஒரு நாளைக்கு நூறு தடவை நிலையத்தில் என்னிடம் வழி கேட்கிறவர்கள் சொல்லுகிற சொல் அது. துவாலெத். கக்கூஸ். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒருவர் தானும் படம் எடுத்தார்.

நான் எழுந்துவிட்டேன். கிளாக்கர் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“படத்துக்குப் பின்னாலை என்ன எழுதிறதெண்டும் யோசிச்சிட்டன், ஐசே. ‘அண்ணை தன்ரை கந்தோரில்.’ வாத்தி எல்லே, வடிவா விளங்கும்.”

“அதை அனுப்பாதேங்கோ,” என்றேன்.

“பாப்பம்.”

“தங்கச்சின்ரை அலுவல் அண்ணை.”

“பாப்பம் எண்டு சொல்லுறன்தானே. உம்மடை நடத்தையைப் பொறுத்தது.”

அன்று முழுவதும், மறுநாளும், அந்தப் ‘பாப்பம்’தான். அவருடைய பையை நான் தூக்க வேண்டும். அவருக்குக் கோப்பி வாங்கிவர வேண்டும். தாமதமானால், “கந்தோர், கந்தோர்,” என்பார். உண்மையில் அனுப்பியிருப்பாரோ என்று இன்றைக்கும் யாராவது கேட்பதுண்டு. பகிடிதானே என்பார்கள். மற்றவனுடைய தங்கச்சியின் கலியாணத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடுகிற பகிடி எனக்கு விளங்குவதில்லை. என் கடிதம், என் உறையின் மேல் விலாசம், எல்லாம் அந்த மனிதனின் கையெழுத்து. நான் தூங்கும்போது ஒரு படத்தை உறைக்குள் போட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

திரும்பி வருகிற கப்பலில், பட்டப்பகலில், மேல்தட்டில் இருந்தோம். கிளாக்கர் முகம் கழுவப் போனார். கமரா அவருடைய பையின் மேல் கிடந்தது. மன்னார்க்காரன் எனக்குப் பக்கத்தில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தான். நான் கமராவை எடுத்துப் பின்மூடியைத் திறந்தேன். சுருளை வெளியே இழுத்து, ஈரத்துணி காயப் போடுகிறது போல வெயிலில் முழு நீளத்துக்கும் பிடித்தேன்.

“அண்ணை, அதுக்குள்ளை என்ரை படமும் இருக்கு,” என்றான் மன்னார்க்காரன்.

இருந்தது. எனக்குத் தெரியும். அவனுடைய நேர்த்தி, கண்ணீர், தாய்க்கு அனுப்ப இருந்த முகம், எல்லாம் அதற்குள் இருந்தன. நான் நிறுத்தவில்லை. அவன் ஒரு தடவை, ஒரேயொரு தடவை, அந்தக் கல்லடியில் எனக்காக வாய் திறந்திருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

கிளாக்கர் வந்து பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுருளைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுக் கடலில் எறிந்தார்.

“சரி. இனி உம்மடை கடிதத்தை நீரே எழுதும்.”

பாரிஸ் வந்தபின் ஊரிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. படம் எங்கே, படம் எங்கே. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு இன்னொரு கமராவுக்கு முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. மன்னார்க்காரன் அறையை மாற்றிக்கொண்டு போய்விட்டான். லா சப்பலில் வேறு யாரிடமாவது எழுதச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்பதற்குக் கூச்சம். அதோடு, இனி என் வாழ்க்கையை இன்னொருவன் பேனைக்குள் கொடுக்கமாட்டேன் என்ற ஆத்திரம்.

நானே எழுத உட்கார்ந்தேன். ரயில்வே உத்தியோகத்தைத் தொடர்ந்து எழுதத்தான் நினைத்தேன். பொய்யை நீட்டி எழுத என்னிடம் எழுத்துப் போதவில்லை. ஒரு பொய்க்கு நாலு வரி முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. உண்மைக்கு ஒரு வரி போதும். நான் ரயில் நிலையத்தில் கக்கூஸ் கழுவுகிறேன். நல்ல வேலை. தங்கச்சிக்கு ஒரு குறையும் விடமாட்டேன். அம்மாவும் தங்கச்சியும் மட்டும் இதை அறிந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லுகிற விதமாகச் சொல்லுங்கள் என்று கடைசியில் எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

தங்கச்சியின் பதில் வர ஆறு கிழமை ஆனது. அதை அவளே எழுதியிருந்தாள். கடிதம் வந்த நேரம் மாப்பிள்ளையின் தாய் வீட்டில் இருந்திருக்கிறா. படம் வந்திருக்கும் என்று அம்மா சந்தோசத்தில் அவவையும் இருத்தி, வாசி பிள்ளை என்றிருக்கிறா. முந்திய கடிதங்கள் என்றால் தங்கச்சியின் கண் முன்னுக்கு ஓடிப் பார்க்கும். வேண்டாததை விட்டுவிட்டு வாசிப்பாள். என் எழுத்தில் கண் முன்னுக்கு ஓட முடியவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி வாசித்திருக்கிறாள். என்ன சொல் வருகிறது என்று அவளுக்கு விளங்குவதற்கு முன், அது வாயால் வெளியே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டா.

“உங்கடை வேலையிலை எனக்கொரு வெட்கமும் இல்லை அண்ணா,” என்று எழுதியிருந்தாள். “ஆனால் அதை என்ரை வாயாலை சொல்ல வைச்சுப் போட்டியள். இனிமேல் அந்தக் கிளாக்கர் அண்ணையைக் கொண்டே எழுதுவியுங்கோ.”

எழுதுவிக்கவில்லை. அதற்குப் பிறகு கசெட்டில் பேசித்தான் அனுப்புகிறேன். அம்மா கசெட்டில் பதில் பேசி அனுப்புவா. பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். அது தங்கச்சி என்று தெரியும். அவள் பேசுவதில்லை. அவளுக்கு வேறு சம்பந்தம் வரவில்லை.

கிளாக்கர் இப்போது ரூ காயில் ஒரு மளிகைக் கடையின் மூலையில் கதிரை போட்டிருந்து ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறார். போன கிழமை தெருவில் என்னைக் கண்டு, “என்ன ஐசே, இன்னும் கோவமோ?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தயாராக நின்றார்கள். நான் விலகி நடந்தேன். பதில் வழக்கம்போலப் பிந்தித்தான் வந்தது. ஓம், இன்னும் கோபம்தான். அந்தக் கமராவை இன்றைக்கு என் கையில் தந்தாலும் திறப்பேன். அதைத்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

1989 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை.