இருபதாவது நிமிடம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இருபது நிமிடம்தான் ஆயுள். அதற்குமேல் சொல்லாமல் கொள்ளாமல் திரை இருண்டுவிடும். அரைமணி ஆறவைத்தால்தான் மறுபடி உயிர் வரும். கரமனையில் எங்கள் தெருவுக்கே முதலில் வந்த கம்ப்யூட்டர் என்பதால் அதன் திமிரைப் பொறுத்துக்கொண்டோம். குவைத்திலிருந்த அப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அதில்தான் பேசுவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா விளக்கேற்றிவிட்டு, தலையில் பூ வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். கொஞ்ச நாளாகவே அப்பா ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில்தான், "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பிப்பாராம். அதற்குள் நின்றுவிடும். இப்படி நாலு வாரம். இரண்டு வருடமாக ஊருக்கு வராதவர், வரும் தேதியைத்தான் சொல்லப்போகிறார் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியில் தன் தம்பியைப் பிடித்தாள். மாமாவுக்குப் பழவங்காடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. இதோ வருகிறேன் என்று இழுத்தடித்தவர், ஒரு வியாழக்கிழமை வந்து பெட்டியைத் திறந்தார். மேலே விசிறி. அதன் கீழே தகடு தகடாக ஒரு அலுமினியக் கட்டி. அதற்கும் கீழே பிராசசர். இரண்டுக்கும் நடுவே பூசியிருந்த பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. போதாக்குறைக்குக் கட்டியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகளில் ஒன்று சரியாக மாட்டவும் இல்லை.

"ரெண்டும் நன்னா ஒட்டி இருக்கணுமாக்கும். நடுவில காத்து நின்னா சூடு வெளியே போகாது," என்றார் மாமா.

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, ஊசி போடும் குழாய் போன்ற ஒன்றை என்னிடம் நீட்டினார். உள்ளே வெள்ளைப் பசை. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்திலிருந்து சைக்கிள்வரை சந்தனம் தடவுவது வீட்டில் என் வேலை. அதே தாராளத்தோடு அப்பினேன்.

"அடியே, இது சந்தனம் இல்லை. ஒரு அரிசி மணி மதி, அவ்வளவு போரும்!"

மாமா தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி துடைத்தார். இரண்டாம் முறை அரிசியளவே வைத்தேன். அவர் கட்டியை அமுக்கிக் கொக்கிகளை மாட்டினார். ஒரு மணி நேரம் ஓடியும் நிற்கவில்லை. நான்தான் சரி செய்தேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் பேச்சு இருபது நிமிடத்தைத் தாண்டியது. பெட்டியின்மேல் கையை வைத்துக் காவல் இருந்தேன். சூடே இல்லை.

"இனி நிக்காது, சரியாயிடுத்து. நிதானமா சொல்லுங்கோ," என்று அம்மா சிரித்தாள்.

அப்பாவின் குரல் எனக்குக் கேட்காது. அம்மா ஹெட்போனைக் காதோடு அமுக்கிக்கொண்டாள். பிறகு, "எத்தனை நாளா?" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "கொழந்தைக்கு என்ன வயசு?"

அம்மா அப்பாவைச் சோதிக்கிறாள் என்று நினைத்து, அவருக்கு உதவியாக, "ஒம்பது!" என்று ஹெட்போன் பக்கம் போய்க் கத்தினேன். அங்கே இன்னொரு குழந்தை இருப்பது எனக்குத் தெரியவர வருடங்கள் ஆயின.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது அம்மா, "நீ இதைச் சரி பண்ணாமலே இருந்திருக்கலாம்டா," என்றாள். என் காதில் விழுந்தது. அவமானமாக இருந்தது. அம்மாவின் முகம் அப்படி ஆனதற்கு என் கைவேலைதான் காரணம் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் ப்ளக்கைப் பிடுங்கினேன். மாமா செய்ததுபோலவே கொக்கியை நெம்பி, பசையைப் பழைய பாவாடைத் துணியால் சுத்தமாகத் துடைத்தேன். கட்டியைத் திரும்ப வைத்து ஒரு கொக்கியை மாட்டாமல் விட்டேன்.

அன்று அம்மா பூ வைக்கவில்லை. ஆனால் வழக்கமான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அப்பா லைனில் வரவில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசாமலேயே, பத்தாவது நிமிடம் திரை இருண்டது.

"பழையபடி ஆக்கிட்டேன் அம்மா," என்றேன் பெருமையாக. "இனிமே அப்பாவால சொல்லவே முடியாது."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். சொல்லி முடித்த பிறகு நிறுத்தி என்ன பயன் என்று எனக்குத் தோன்றவில்லை. மாமா மறுபடி பசை வைத்துவிட்டால் துடைக்க வேண்டுமே என்று, அந்தத் துணியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன்.