செங்கல்தூளில் தேய்த்த தகடு

புளியும் செங்கல்தூளும் கலந்த வாசனை விரல்களை விட்டுப் போய்விட்டதா என்று சில வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் முகர்ந்து பார்க்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. திருவொற்றியூர் குப்பத்தில் வீடு. நைனா இன்னொருவரின் விசைப்படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வடக்கே ராக்கெட் விடும் நாட்களில் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. விட்ட பிறகுதான் போகும். அப்படிப் போன ஒரு நாள், வலையில் மீனோடு முறம் அளவுக்கு ஒரு தகடு வந்தது. ஒரு பக்கம் கருகியிருந்தது. மறுபக்கம் கறுப்பு எண்கள். கடலில் கிடைத்த புதுப்பொருளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் எங்கள் வீட்டுக்குள் எடுப்போம். அம்மாவும் வைத்தாள். சாமி விளக்குக்கு அடியில் வைக்கலாம் என்றாள்.

மறுநாள் வெள்ளி. விளக்கு தேய்ப்பது என் வேலை. வாசலில் உட்கார்ந்து தகட்டையும் சேர்த்துத் தேய்த்தேன். தேங்காய் நாருக்கு எண்கள் ஒவ்வொன்றாகப் போயின.

“மொகம் பாக்கலாம் போலகீது” என்றாள் அம்மா. லேசில் பாராட்டமாட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று தண்ணீர் லாரி வரிசையிலும் ராக்கெட் பேச்சுதான். ராணுவத்துக்காக மேலே ஒரு கண்ணை அனுப்பியிருக்கிறார்களாம்; எதிரி நாட்டு வண்டிகளைக்கூட அது எண்ணிவிடுமாம். “இனிமே கிழிஞ்ச பாவாடைய கொடில போடாதக்கா, மேலேர்ந்து பாத்துக்கினு இருப்பானுங்கோ” என்று பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைச் சீண்டினாள்.

கடலில் கிடைத்த ராக்கெட் துண்டுகளை ஒப்படைக்க வேண்டும் என்று மதியம் ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். நைனா தானாகவே போய்ச் சொன்னார். மாலையில் இரண்டு பேர் வந்தார்கள். அது என்ன தகடு என்று அம்மா கேட்டதற்கு, வெளியே சொல்லக் கூடாத விஷயம் என்றார் ஒருவர். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல இருந்த நம்பர் எங்கே? அழிக்கச் சொன்னது யாரு?”

நைனா என் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் செங்கல்தூள் சிவப்பாக ஒட்டியிருந்தது.

“நான்தான் சார் தேச்சேன். சாமிகிட்ட வெக்கலாம்னு” என்றார் நைனா.

நான் வாய் திறக்கவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். எங்கே இருந்தார், என்ன கேட்டார்கள் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். விசாரணைக்குப் போய்வந்த ஆளை ஏற்றப் படகுக்காரருக்குப் பயம். நைனா தண்டையார்பேட்டைக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். பிறகு அவர் கடலுக்குப் போகவே இல்லை. நான் சொல்லியிருந்தாலும் எட்டு வயதுப் பெண்ணை நம்பியிருப்பார்களா? தெரியவில்லை. இன்று என் மகள் எதையாவது உடைத்தால், யார் செய்தது என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறேன். அது சரியா என்பதும் தெரியவில்லை.

அந்த ஐந்து நாளும் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழிந்த பாவாடையைப் பார்க்கிற கண், இங்கே உட்கார்ந்து தேய்த்த என்னையும் பார்த்திருக்கும், அது போய்ச் சொன்னதும் நைனாவை விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். நான் சொல்ல வேண்டியதை அது சொல்லாது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.